சர்ச்சில் கொடிமரம் வந்த வழி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவில் கொடியேற்றம், தேர், உப்பு-மிளகு நேர்ச்சை எல்லாம் இருக்கிறதே, நம் கோவில்களைப் பார்த்துச் செய்தவையா? வெளிநாட்டு மதம் நம் பண்பாட்டைக் கெடுத்துவிட்டது என்கிறார்களே, சரியா?
– வாசகி, தக்கலை

பதில்: வடிவம் இந்த மண்ணுடையதுதான். சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழா பத்து நாள். முதல் நாள் கொடி, ஒன்பதாம் நாள் தேரோட்டம். பக்கத்திலேயே இருக்கும் கோட்டாற்றில் நவம்பர் 24-ல் கொடி ஏறி டிசம்பர் 3-ல் முடிகிறது; அதுவும் பத்து நாள். கொடியில் சவேரியார் படம் இருக்கும். தேருக்குப் பின்னால் கும்பிடு நமஸ்காரம் செய்து வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

ரோம் இதையெல்லாம் எளிதில் ஒத்துக்கொண்டுவிடவில்லை. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியக் கத்தோலிக்கக் குரு ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, தமிழும் வடமொழியும் கற்றுப் போதித்தார். 1704-ல் புதுச்சேரியில் போப்பின் தூதர் துர்னோன் பிறப்பித்த ஆணையோ பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும், அதைக் கோக்கும் 108 இழை மஞ்சள் கயிற்றையும் தடை செய்தது. 1744-ல் போப் 14-ஆம் பெனடிக்ட்தான் அந்தச் சர்ச்சையை முடித்தார். தாலி போய்விடவில்லை, பிள்ளையார் இருந்த இடத்தில் சிலுவை ஏறியது.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்னும் சீர்திருத்தச் சபைகளில் கொடிமரம் கிடையாது. அவற்றின் வேரான, 1806-ல் மயிலாடியில் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே ஊன்றிய லண்டன் மிஷன் புனிதர் வணக்கத்தை ஏற்கவில்லை. படமே இல்லாதபோது கொடி எதற்கு? அங்கே பண்டிகை என்றால் அசனம், எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது.

கெட்டது எது என்று கேட்டால், சாதி என்பேன். கொடியோடும் தேரோடும் அதுவும் உள்ளே புகுந்தது. கத்தோலிக்க மறைசாட்சி தேவசகாயம் பிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தில், பின்னாளில் சாதிக்கொரு பக்கமாகக் கோவில் கட்டினார்கள். நடுச்சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது.

கேள்வி: அய்யாவழி வெளிநாட்டு மதத்தை எதிர்க்கவே பிறந்ததா?
– வாசகர், குளச்சல்

பதில்: பாதிதான் உண்மை. அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு (1841) வெள்ளையரை வெண்ணீசன் என்கிறது. திருவிதாங்கூர் அரசனையும் விடவில்லை, அவன் கலிநீசன். அய்யாவழியைத் தொடங்கிய வைகுண்டர் தங்கள் வேலைக்குத் தடை என்று மிஷன் அறிக்கைகளும் எழுதின. ஆனால் இரண்டு பக்கமும் மோதியது ஒரே சாதிக் கொடுமையோடு. வைகுண்டரின் தலைமையிடமான சாமித்தோப்பில், தாழ்த்தப்பட்டவர்களுக்கு மறுக்கப்பட்ட தலைப்பாகையைக் கட்டிக் கண்ணாடிமுன் நின்று வணங்கினார்கள். மிஷன் சபைப் பெண்கள் மார்பை மறைக்கும் தோள்சீலை கேட்டு அடிபட்டார்கள். 1859 ஜூலை 26-ல் அரசு மேலாடையை அனுமதித்தது, அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு.