வீடு கட்ட 53 கிரேடா, பிபிசியா? எந்த சிமெண்ட் வாங்கலாம்?

காட்பாடியில் மாடி எடுக்கப் போகிறீர்கள். மேஸ்திரி 53 கிரேடுதான் (சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்ட்) வேண்டும் என்கிறார், கடைக்காரர் பிபிசி (PPC, சாம்பல் கலந்த சிமெண்ட்) போதும் என்கிறார், யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் பேச்சை என்பேன். சத்துவாச்சாரியில் நான் வீடு கட்டும்போது மேஸ்திரி பேச்சைக் கேட்டவன்.

"53ன்னா 53 வருஷம் அசையாது சார்" என்றார். நானும் தலையாட்டினேன். அந்த எண்ணுக்கும் ஆயுசுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த சிமெண்டில் செய்த கலவைக் கட்டி 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும், அவ்வளவுதான். 43, 33 எல்லாம் அதே கணக்கு.

53 சீக்கிரம் பலம் பிடிக்கும், சூடும் அதிகம் கக்கும். கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையைச் சீக்கிரம் பிரிக்க வேண்டிய பெரிய வேலைகளுக்கு அது சரி. எங்கள் வீட்டில் சுவர்ப் பூச்சுக்கும் அதையே போட்டார்கள், அதுவும் கத்திரியில். வேலூர் வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குச் சுவரில் தண்ணீர் அடித்தால் உஸ்ஸென்று இழுத்துக்கொள்ளும், கால் மணி நேரத்தில் வெளுத்துவிடும். பத்தாம் நாள் சுவர் முழுக்க சிலந்தி வலை மாதிரி மயிரிழை விரிசல். பழியை சிமெண்ட் மேல் மட்டும் போட முடியாது. கெட்டியாக இருக்கட்டும் என்று சிமெண்டை அள்ளிக் கொட்டினதும், இரண்டு நாளில் தண்ணீர் விடுவதை நிறுத்தினதும் சேர்ந்த வினை.

பிபிசியில் அனல் மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை கலந்திருக்கும். சாம்பல் என்றதும் கலப்படம் என்று முகம் சுளிக்காதீர்கள். சிமெண்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு இந்தச் சாம்பல் சேர்ந்து மேலும் பசையாகிறது, கான்கிரீட் நெருக்கமாகிறது. சூடும் குறைவு. கட்டு வேலை, பூச்சு, தளம் எல்லாவற்றுக்கும் ஆகும். ஒன்றுதான், ஆரம்பத்தில் மெதுவாகப் பலம் பிடிக்கும். 10 நாளாவது தண்ணீர் விட வேண்டும், நம்ம ஊர் கோடையில் 14. தளத்துக்குப் பாத்தி கட்டி நிறுத்துங்கள், தூணுக்குக் கோணி சுற்றுங்கள். சென்ட்ரிங் பிரிக்கும் நாளை இன்ஜினியர் சொல்லட்டும், பலகைக்காரர் அவசரத்துக்கு விடாதீர்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். முதலில் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். கம்பி போடும் கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு (கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பு) வரைதான் அனுமதி. மீறினால் கலவைக்கு வேறு தண்ணீர்தான். மண்ணும் உப்பாக இருந்தால் அஸ்திவாரத்துக்கு, இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட் நல்லது. கான்கிரீட்டை அரிக்கும் சல்ஃபேட் உப்பைத் தாங்கும் சிமெண்ட் என்று தனியாக ஒன்று உண்டு. குளோரைடும் சேர்ந்திருக்கும் மண்ணில் அது கம்பிக்கு அவ்வளவு காவல் இல்லை. வெள்ளை சிமெண்ட் டைல்ஸ் இடுக்குக்கு, அதைப் பற்றிப் பேச வேறொன்றும் இல்லை.

அப்புறம், எந்த வகை வாங்கினாலும் மூட்டையில் அச்சடித்த வாரத்தையும் வருடத்தையும் பாருங்கள். மூன்று மாதம் கிடந்தால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பலம் போய்விடும். எனக்கு வந்த லோடில் அடி மூட்டைகள் விளிம்பில் கல்லாகியிருந்தன. சித்தாள் அதை மண்வெட்டியால் தட்டி உடைத்துக் கலவையில் போட்டபோதுதான் கவனித்தேன்.