தாளைக் கீழே வையுங்கோ: வகுப்பறைக் குழுக் கலந்துரையாடல் பற்றிய கேள்வி பதில்

ஒட்டுசுட்டான், தமிழ் ஆசிரியை: சேர், எங்கட பிள்ளைகள் தமிழ்த்தினப் போட்டியில் நல்லாப் பேசுவினம். மேடையால் இறங்கின பிறகு ஒரு கேள்வி கேட்டால் வாய் திறக்காயினம். குழுக் கலந்துரையாடல் வைத்தால் இது மாறுமா?

பதில்: மாறும், தாள் இல்லாமல் நடத்தினால். போட்டிப் பேச்சு பெரும்பாலும் பெரியவர் எழுதிக் கொடுத்து, பிள்ளை பாடமாக்கி ஒப்புவிப்பது. அதில் உச்சரிப்பும் குரலும் வளரும். நின்ற நிலையில் யோசித்துப் பேசும் பழக்கம் வராது. கலந்துரையாடலில் பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்வார் என்று முன்கூட்டித் தெரியாது. காது கொடுத்துக் கேட்டால்தான் பதில் வரும். ஆகவே வசனம் வசனமாக எழுதிய தாளை மேசைக்கு வரவிடாதீர்கள். உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்து சொற்கள் போதும். முதல் வசனத்தை மட்டும் பாடமாக்கட்டும். நடுக்கம் கூடுதலாக இருப்பது அந்த இடத்தில்தான்.

கிளிநொச்சி, தரம் 9 வகுப்பாசிரியர்: 40 நிமிடப் பாடவேளை, 36 பிள்ளைகள். நாலு பேர் கதைக்க மிச்சப்பேர் சும்மா இருப்பினமே?

பதில்: நாலு பேச்சாளர், ஒரு நெறியாளர், ஒரு நேரக்காப்பாளர் என்று ஆறு பேர். கதிரை அடுக்க 4 நிமிடம், ஆளுக்கு ஒன்றரை நிமிட அறிமுகம், மொத்தம் 6, உரையாடல் 14, சபைக் கேள்வி 8, பின்னூட்டம் 8. மிச்சம் 30 பேரும் மூன்று மூன்று பேராக ஒரு கேள்வி எழுதட்டும். நெறியாளர் எடுக்கும் சீட்டு யாருடையதோ, அவர்களில் ஒருவர் எழும்பிக் கேட்கவேண்டும். கூச்சப்படும் பிள்ளைக்கு இதுவே முதல் படி. வாரம் ஒன்று வைத்தால் ஆறு வாரத்தில் எல்லாரும் மேசைக்கு வந்துவிடுவார்கள்.

தலைப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘கல்வியின் முக்கியத்துவம்’ என்றால் நாலு பேரும் ஒன்றையே சொல்வார்கள், ஐந்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். நலன்கள் மோதவேண்டும். ‘இந்தச் சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரை எப்படிப் பங்கிடலாம்?’ என்று வைத்துப் பாருங்கள். வாய்க்கால் தொடக்கத்தில் வயல் உள்ளவர், கடைசியில் உள்ளவர், குளத்தில் மீன்பிடிப்பவர், நீர்ப்பாசனப் பொறியியலாளர் என்று நாலு பேச்சாளரும் ஆளுக்கொருவராகப் பேசட்டும். வீட்டில் கேட்டு வந்த விசயத்தைப் பிள்ளை தன் வாயால் சொல்லும். முல்லைத்தீவுக் கரையோரப் பாடசாலை என்றால் கடற்றொழிலில் தேடுங்கள்.

துணுக்காய், ஆசிரியர்: ஒருவரே முழு நேரமும் கதைக்கிறார். நெறியாளர் ‘நன்றி, அடுத்து’ என்று மட்டும் சொல்கிறார்.

பதில்: இரண்டும் ஒரே குறை. நெறியாளருக்குப் பயிற்சி இல்லை. பேச்சாளர்களைவிட அவருக்கே கூடுதல் நேரம் செலவழிக்கவேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வாய்க்கால் கடைசிக்காரர் ‘எங்களுக்குத் தண்ணி வந்து சேருறதில்லை’ என்கிறார். அங்கே நன்றி சொன்னால் கதை செத்துவிடும். ‘பொறியியலாளர் அவர்களே, ஏன் வந்து சேருவதில்லை? வாய்க்கால் தொடக்கத்தில் உள்ளவரே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?’ என்று பெயர் சொல்லித் திருப்பவேண்டும். ஆம், இல்லை என்று முடியும் கேள்வி வேண்டாம். நீளமாகப் பேசுபவருக்கு ஒரு விதி: தான் சொல்வதற்கு முன், முந்தினவர் சொன்னதை ஒரு வசனத்தில் திருப்பிச் சொல்லவேண்டும். அதற்காகவாவது மற்றவரைக் கேட்பார்.

நெடுங்கேணி, அதிபர்: மண்டபம் தகரக் கூரை. மைக் போட்டால் கூவுது.

பதில்: ஒலிபெருக்கிப் பெட்டி பேச்சாளருக்குப் பின்னால் நிற்கிறது. அதிலிருந்து வரும் சத்தத்தை மைக் திரும்ப உள்வாங்குவதால்தான் கூவுகிறது. பெட்டியை மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்தபடி வையுங்கள். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், நாடிக்குச் சற்றுக் கீழே பிடிக்கட்டும்; ஊதவோ தட்டவோ வேண்டாம். வகுப்பறைக்குள் மைக்கே வேண்டாம். கடைசி வாங்கில் இருப்பவருக்குக் கேட்கப் பேசுவதும் பயிற்சிதான். மழை பெய்தால் அன்று விட்டுவிடுங்கள்.

வவுனியா, தரம் 10 மாணவி: சேர், எழுத்துத் தமிழில் கதைக்க வெளிக்கிட்டால் இடையில் நின்றுபோகுது.

பதில்: பிள்ளை, அறிமுகத்தை மட்டும் செந்தமிழில் சொல்லும். உரையாடலில் நீர் ஆசிரியரோடு மரியாதையாகக் கதைக்கும் தமிழே போதும். நின்றுபோனால் ‘ம்ம்… அது வந்து…’ என்று நிரப்பாதையும். வாயை மூடி ஒரு மூச்சு எடும், அட்டையில் அடுத்த சொல்லைப் பாரும், தொடரும். உமக்கு நீளமாகத் தெரியும் அந்த இடைவெளி சபைக்கு யோசனையாகத்தான் தெரியும்.