டைட்டானியம் டைஆக்சைடு மேற்பரப்பில் நைட்ரஜன் ஆக்சைடுகள்: கேள்வி பதில்

கேள்வி: வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கச் சுவரிலும் தரையிலும் டைட்டானியம் டைஆக்சைடு சேர்க்கிறார்கள் என்கிறார்கள். வெள்ளைப் பெயின்டில் இருப்பதும் அதுதானே? பெயின்ட் பூசிய சுவர்கள் ஏன் வாகனப் புகையைச் சுத்தம் செய்வதில்லை?

பதில்: சேர்மம் ஒன்றுதான், துகள் வேறு. பெயின்டில் இருப்பது பெரும்பாலும் ரூட்டைல் படிக வடிவம். ஒளி பட்டால் அது பெயின்டின் பிசினையே அரித்துச் சுண்ணம்போல் உதிரச் செய்துவிடும் என்பதால், ஒவ்வொரு துகளின் மேலும் அலுமினாவோ சிலிக்காவோ போர்த்தித்தான் விற்கிறார்கள். ஒளிவினையூக்கத்துக்கு, அதாவது ஒளியின் உதவியால் வேதிவினையைத் தூண்டுவதற்கு, பயன்படுவது, போர்வை இல்லாத, சில பத்து நானோமீட்டர் அளவேயுள்ள அனட்டேஸ் என்ற வேறு படிக வடிவத் துகள்.

கேள்வி: ஒளி பட்டதும் அங்கே என்ன நடக்கிறது?

பதில்: அனட்டேஸின் ஆற்றல் பட்டை இடைவெளி, அதாவது எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றல், சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட். எனவே ஏறத்தாழ 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி, அதாவது வெயிலில் சிறு பங்காக வரும் புற ஊதாக் கதிர், பட்டால்தான் எலக்ட்ரான் மேலே தாவி, தன் இடத்தில் நேர்மின்போல் நடந்துகொள்ளும் ஒரு வெற்றிடத்தை, அதாவது ஒரு துளையை, விட்டுச் செல்லும். பெரும்பாலான எலக்ட்ரான்-துளை இணைகள் உடனே மீண்டும் சேர்ந்து வீணாகின்றன. தப்பிய துளை, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் நீரிலிருந்து எதனோடும் எளிதில் வினைபுரியும் ஹைட்ராக்சில் தனி உறுப்பை உண்டாக்குகிறது. தப்பிய எலக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு சூப்பர்ஆக்சைடாகிறது. இவற்றால் நைட்ரிக் ஆக்சைடு படிப்படியாக நைட்ரஸ் அமிலமாகவும், நைட்ரஜன் டைஆக்சைடாகவும், இறுதியில் நைட்ரேட்டாகவும் மாறுகிறது.

கேள்வி: அப்படியானால் அது தீங்கற்ற நைட்ரஜனாகப் பிரிவதில்லையா?

பதில்: ஆக்சிஜனும் ஈரமும் உள்ள சாதாரணக் காற்றில் பெரும்பாலும் இல்லை. நுண்ணறைகள் நிறைந்த கனிமமான சியோலைட்டின் அறைகளுக்குள் டைட்டானியத்தைத் தனித்தனியாக அமர்த்தினால் நைட்ரஜன் கிடைக்கும் என்று ஜப்பானில் மசகாசு அன்போவின் குழு காட்டியது. அது வேறு பொருள், வேறு சூழல். தெருச் சுவரில் நைட்ரஜன் ஆக்சைடு அழிவதில்லை, உருமாறி ஒட்டிக்கொள்கிறது. இந்தத் துறையில் மற்ற எல்லாக் கேள்விகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கேள்வி: டைட்டானியம் டைஆக்சைடு சேர்த்த ஒரு தரை ஓட்டின் விளம்பரத்தாளில் "நைட்ரிக் ஆக்சைடு பாதிக்கு மேல் நீங்குகிறது" என்று படித்தேன். நம்பலாமா?

பதில்: எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அது பாதிக் கதை. ஐஎஸ்ஓ 22197-1 என்ற சர்வதேசச் சோதனைத் தரமுறையில், 5 செ.மீ. அகலமும் 10 செ.மீ. நீளமும் உள்ள துண்டின் மேல் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நைட்ரிக் ஆக்சைடு கலந்த காற்றைச் செலுத்தி, சதுர மீட்டருக்கு 10 வாட் புற ஊதா ஒளியில் 5 மணி நேரம் அளக்கிறார்கள். விளக்கைப் போட்டதும் நைட்ரிக் ஆக்சைடின் கோடு சடாரென்று இறங்குவதைத் திரையில் காணலாம். அதைத்தான் விளம்பரம் சொல்கிறது. அதே திரையில், நேரம் செல்லச் செல்ல நைட்ரஜன் டைஆக்சைடின் கோடு மெல்ல ஏறுவதையும் காணலாம். நுரையீரலுக்கு நைட்ரிக் ஆக்சைடைவிடக் கேடு செய்வது அதுதான். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்ட நிகரக் குறைவையும், சோதனைக்குப் பின் துண்டை நீரில் ஊறவைத்து அளந்த நைட்ரேட்டையும் கேட்டு வாங்குங்கள். இவற்றைத் தராத அறிக்கையை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: ஒட்டிய நைட்ரேட் அப்படியே இருந்துவிடுமா?

பதில்: மழை அதைக் கழுவிச் செல்லும்வரை வெயிலும் படுகிறதல்லவா? ஒளி பட்ட மேற்பரப்பின் துளைகள் நைட்ரேட்டையும் தாக்குகின்றன. அதில் பிறக்கும் நைட்ரேட் தனி உறுப்பு ஒளியில் சிதைந்து, நைட்ரஜன் டைஆக்சைடைக் காற்றுக்கே திருப்பித் தருகிறது. உடன் வெளிப்படும் ஆக்சிஜன் அணுவால் ஓசோன் உருவாவதும் ஆய்வகத்தில் காணப்பட்டிருக்கிறது. ஈரமான பரப்பில் நைட்ரஜன் டைஆக்சைடு நைட்ரஸ் அமிலமாகவும் வெளியேறலாம்; அதுவோ பகலில் சிதைந்து ஓசோன் உருவாக்கத்துக்குத் துணைபோகிறது.

கேள்வி: நகரங்களில் பலன் கண்டிருக்கிறார்களா?

பதில்: ரோம் நகரில் 2003இல் திறக்கப்பட்ட ஜூபிலி தேவாலயத்தின் கான்கிரீட்டில் டைட்டானியம் டைஆக்சைடைச் சேர்த்ததன் முதல் நோக்கம், சுவரின் வெண்மையைக் காப்பது. காற்றைத் தூய்மையாக்கும் நோக்கத்தோடு பிரஸ்ஸல்ஸின் இரண்டாம் லியோபோல்ட் சுரங்கப்பாதையில், புற ஊதா விளக்குகளும் பொருத்தி, ஃபோட்டோபாக் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்தினர் செய்த கள ஆய்வில் கணிசமான குறைவு எதுவும் அளக்கப்படவில்லை. கடும் மாசு படிந்து பரப்பு செயலிழந்தது. ஈரப்பதமும் பாதகமாக இருந்தது. காற்றோ சுவரைத் தொட நேரமில்லாமல் கடந்தது. திறந்த தெருவில் இந்தக் கடைசித் தடை இன்னும் பெரிது: சுவரைத் தொடாத மூலக்கூறை எந்த வினையூக்கியாலும் மாற்ற முடியாது.