செட்டிநாட்டு வீடுகள்: ஓதம், ஓடு, சுண்ணாம்பு – கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பழைய வீடுகளைப் பராமரிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, கட்டடப் பாதுகாப்பு தெரிந்த உறுப்பினர் பதில் சொல்கிறார்.

தேவகோட்டையிலிருந்து: வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி) சுவரில் இரண்டடி உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்ததென்று சிமெண்ட் பூசினோம். ஐந்து வருடத்தில் அதுவும் உதிர்கிறது, இப்போது நாலடி வரை. என்ன செய்யலாம்?

பதில்: ஓதம் ஏறுகிறது. செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதைக் காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் பூசியதும் அந்த வழி அடைபட்டது, ஈரம் மேலே ஏறிவிட்டது. கூடவே வரும் உப்பு, சுவர் காயும் இடத்தில் படிகமாகி விரியும். பூச்சை மட்டுமல்ல, செங்கலின் முகத்தையே உடைத்துத் தள்ளும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முற்றத்து வடிகாலைத் தூர்வாருங்கள். குளியலறைக் குழாய்களைச் சோதியுங்கள். வீட்டைச் சுற்றிச் சிமெண்ட் தளம் போட்டிருந்தால், சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு உடைத்தெடுத்துச் சரளைக் கல் நிரப்புங்கள். அதை ஒட்டிய தரைக்குச் சுவரை விட்டு விலகும்படி வாட்டம் கொடுங்கள்.

அடுத்து சிமெண்டை எடுக்க வேண்டும். உளியும் சுத்தியலும் போதும், பிரேக்கர் மெஷின் கூடாது. ஈரக் கோட்டுக்கு மேல் இரண்டடி வரை எடுங்கள். பொடிந்த இணைப்புச் சாந்தை முக்கால் அங்குலம் சுரண்டுங்கள். பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்து அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே போய்விடும். ஒரு கோடை முழுக்கச் சுவரைத் திறந்தே வையுங்கள்.

பிறகு 1 பங்கு ஊறிய சுண்ணாம்பு, 3 பங்கு உப்பில்லாத மணல். சுவரை நனைத்துவிட்டு, ஒரு படைக்கு அரை அங்குலத்துக்கு மிகாமல் பூசுங்கள். இரண்டு படைகளுக்கு நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள். வெயில் நேரே படாமல் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். இந்தப் பூச்சு உப்பை இழுத்துக்கொண்டு சில ஆண்டுகளில் உதிரக்கூடும். செங்கல் போகாமல் பூச்சு போவதுதான் நமக்கு வேண்டியது, மறுபடி பூசிக்கொள்ளலாம். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்காதீர்கள், சுண்ணாம்பு அடித்தால் போதும்.

புதுவயலிலிருந்து: ஓதம் வரும் சுவரில் வாட்டர் ப்ரூஃப் கெமிக்கல் அடிக்கலாமா?

பதில்: கூடாது. சிமெண்ட் செய்த அதே வேலையைத்தான் அதுவும் செய்யும்.

காரைக்குடி, சிவில் இன்ஜினியர்: சார், முழுச் சுண்ணாம்பு நடைமுறைக்கு வராது. இறுக மாதக்கணக்காகிறது, கொத்தனாரும் கிடைப்பதில்லை. 1:1:6 என்று சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் கலந்தால் இரண்டின் நன்மையும் கிடைக்குமே?

பதில்: புதுச் சுவருக்கு 1:1:6 நல்ல கலவை, மறுக்கவில்லை. ஓதமும் உப்பும் உள்ள நூறு வருடச் செங்கலுக்குப் பொருந்தாது. அந்தச் செங்கல் மென்மையானது. சாந்து செங்கலைவிட மென்மையாக இருந்தால் வெடிப்பு சாந்தில் நிற்கும், கடினமாக இருந்தால் செங்கலுக்குள் போகும். தண்ணீரில் கரையும் உப்புகள் சிமெண்டுக்குள்ளேயே வேறு இருக்கின்றன.

அதே இன்ஜினியர்: அப்படியானால் அளவைக் குறைத்து, கைப்பிடி சிமெண்ட் மட்டும் சேர்த்தால்?

பதில்: அது இன்னும் மோசம். அவ்வளவு கொஞ்சம் சிமெண்ட் தானும் தொடர்ச்சியாக இறுகிப் பிடிக்காது, சுண்ணாம்பையும் ஒழுங்காக இறுக விடாது. காய்வதற்குள் மழை பட்டால் மாவாக உதிரும். சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் நன்றாகச் சுட்ட செங்கலை அரைத்த சுர்க்கியைச் சேருங்கள். மணலில் கால் பங்குக்குப் பதிலாகச் சுர்க்கி போட்டு, மூன்றடிக்கு மூன்றடி மாதிரிக் கட்டம் பூசிப் பார்த்துவிட்டு முழுச் சுவருக்குப் போங்கள். வேலையைத் தை மாதம் தொடங்கிப் பங்குனிக்குள் முடித்தால், ஐப்பசி மழைக்கு முன் இறுக நிறைய நாள் கிடைக்கும்.

பள்ளத்தூர் கொத்தனார்: அண்ணே, செட்டிநாட்டுப் பூச்சு முழுக்க முட்டை வெள்ளைக்கரு என்கிறார்களே, சரியா? பாக்கெட் சுண்ணாம்பில் வேலை செய்யலாமா?

பதில்: தம்பி, வெள்ளைக்கரு கடைசி மெருகுப் படைக்கு மட்டும்தான். அது தோசைக்கல்லில் மாவு இழுக்கிற கனத்தைவிட மெல்லியது. அடிப்படை முழுக்கச் சுண்ணாம்பும் மணலும்தான். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை அதில் சேர்ப்பார்கள். மேலே போகப்போக மணல் குறையும், அரைப்பு நைசாகும். கடைசியில் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பூசி வழுவழுப்பான கல்லால் தேய்ப்பார்கள். அடிப்படை பழுதாக இருந்தால் எத்தனை முட்டை ஊற்றினாலும் மெருகு நிற்காது.

பாக்கெட் சுண்ணாம்பு புதிதாக இருந்தால் ஒரு நாள் ஊறவைத்து அடிப்படைக்குப் பயன்படுத்தலாம். காற்றுப் பட்டுப் பழசாகியிருந்தால் அது வெறும் தூள், பிடிக்காது. மெருகுக்குச் சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்றுங்கள். சுண்ணாம்பைத்தான் தண்ணீரில் போட வேண்டும், அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம் போடுங்கள். சல்லடையில் வடித்து, மேலே நான்கு விரற்கடைத் தண்ணீர் நிற்கும்படி மூன்று வாரமாவது வையுங்கள். எத்தனை மாதம் ஊறுகிறதோ அத்தனை நல்லது.

ஆத்தங்குடியிலிருந்து ஓர் ஆச்சி: பட்டாலை (கூடம்) தரையில் ஆத்தங்குடிக் கல் மங்கிவிட்டது. பாலிஷ் மெஷின் போடலாம் என்கிறார்கள்.

பதில்: வேண்டாம் ஆச்சி. அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் நிரப்பித் தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. வண்ணம் மேலே சில மில்லிமீட்டர்தான், மெஷின் அதைச் சுரண்டிவிடும். ஆசிட்டும் ஆகாது. மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவைத்து, துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். மினுமினுப்பு நாலைந்து தடவையில் திரும்பும். உடைந்த கல்லை மாற்றும்போது பழைய கல்லின் நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து, மாதிரிக் கல்லையும் கையில் கொண்டுபோய்க் கல் செய்யும் இடத்திலேயே சொல்லிச் செய்யுங்கள்.

கொத்தமங்கலத்திலிருந்து: யுனெஸ்கோ அங்கீகாரம் வந்துவிட்டதுதானே? பழுதுபார்க்கப் பணம் தருவார்களா?

பதில்: செட்டிநாடு 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில்தான் இருக்கிறது, உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்படவில்லை. அறிவித்தாலும் தனியார் வீட்டுக்கு ஓடு மாற்ற அங்கிருந்து பணம் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

திருமயத்திலிருந்து: கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மாடி எடுக்கலாமா?

பதில்: கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்க வேண்டும். இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் முன் அனுமதி தேவை. அளவு வரைபடத்தோடு விண்ணப்பியுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து: மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மொட்டைமாடித் தளம்) ஒழுகுகிறது. மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் போடச் சொல்கிறார்கள்.

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அங்குலக் கான்கிரீட் சதுர அடிக்குச் சுமார் 11 கிலோ. 20க்கு 20 அடி அறைக்கு நாலு டன்னுக்கு மேல். அத்தனையும் தேக்கு உத்தரங்களின் தலையில்தான் இறங்கும். ஒழுகும் தளத்தில் உத்தரத்தின் முனைகள் சுவருக்குள் ஏற்கெனவே இற்றிருக்கலாம்.

முதலில் கீழிருந்து ஒவ்வொரு உத்தரத்தையும், அது சுவரைத் தொடும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால், அந்த உத்தரத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். இற்ற முனையை மட்டும் வெட்டி, பழைய தேக்கிலேயே ஒட்டுப்போடலாம். முழு உத்தரத்தையும் கழற்ற வேண்டியதில்லை.

மேலே பதித்த தட்டோட்டின் (தட்டையான ஓடு) இணைப்புகள்தான் பெரும்பாலும் போயிருக்கும். அவற்றைச் சுரண்டி, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து நிரப்புங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பார்த்து வாட்டத்தைச் சரிசெய்யுங்கள். அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், வேரோடு செங்கலும் வரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் பட்டபின் ஓட்டையைச் சாந்தால் அடையுங்கள். தார் ஷீட்டும் ஒட்ட வேண்டாம், ஈரம் அடியில் மாட்டிக்கொள்ளும்.

தேவகோட்டையிலிருந்து, இன்னொருவர்: சுவர் அடியில் உப்பு பூக்கிறது. எந்தக் கம்பெனி சிமெண்ட் நல்லது?

பதில்: எந்தச் சிமெண்டும் வேண்டாம். முதல் பதிலைப் படியுங்கள்.

கண்டனூரிலிருந்து: மூன்றாங்கட்டு (வீட்டின் மூன்றாவது முற்றப் பகுதி) இடிந்த நிலையில் இருக்கிறது. அங்குள்ள மரத்தூண்களை விற்று முகப்பைச் சரிசெய்யலாமா? அதற்குப் பங்காளிகள் சம்மதம் வேண்டுமா?

பதில்: தூணை எடுத்தால் அதன் மேலுள்ள தாழ்வாரம் அடுத்த மழையைத் தாங்காது. அது விழும்போது இரண்டாங்கட்டின் சுவரையும் இழுக்கும். நூறு வருடம் தாண்டிய வேலைப்பாடுள்ள பொருட்களுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் உண்டு, வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்ப முடியாது. விழுந்துவிட்ட தூண்களை எண் எழுதி, தரையில் படாமல் அடுக்கி வையுங்கள். உத்தரத்துக்கு ஒட்டுப்போட அதே தேக்கு உதவும். பங்காளிகள் சம்மதம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், அதை வக்கீலிடம் கேளுங்கள்.

காரைக்குடிக் கல்லூரி மாணவி: எங்கள் ஊர் வீடுகளை வெளியாருக்குக் காட்டப் பாரம்பரிய நடை தொடங்க நினைக்கிறோம். எப்படி ஆரம்பிப்பது?

பதில்: காட்டுவதற்கு முன் பதிவு செய்யுங்கள் அம்மா. வீட்டுக்கு ஒரு தாள்: தளவரைபடம், கட்டிய காலம், தரை, தூண், கூரை என்னென்ன பொருள், எங்கே பழுது. தேதி போட்ட படங்கள். இடிந்தாலும் விற்றாலும் அந்தத் தாள் இருக்கும், பழுதுபார்க்கும்போது எது பழையது என்பதற்கு ஆதாரமும் அதுதான்.

நடைக்கு ஒரு தடவை 15 பேர் போதும், இரண்டு மணி நேரத்துக்குள் முடியட்டும். வீட்டாரிடம் எந்தக் கட்டு வரை உள்ளே விடலாம், படம் எடுக்கலாமா என்று எழுதி வாங்குங்கள். சாமி அறையும் படுக்கை அறையும் பட்டியலில் இருக்கக் கூடாது. மெருகுச் சுவரில் கைவைக்க விடாதீர்கள், வியர்வைக் கறை போகாது. கட்டணத்தில் ஒரு பங்கு அந்த வீட்டின் ஓடு மாற்றும் செலவுக்குப் போகட்டும். வேலை நடக்கும் வீடு ஒன்றையும் சேர்த்து, கொத்தனாரையே பேசவிட்டு அவருக்கு அதற்குக் கூலி கொடுங்கள். சுண்ணாம்பு வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் அங்கேதான் அவரைச் சந்திப்பார்கள்.

சென்னையிலிருந்து: வீடு பூட்டிக் கிடக்கிறது. வருடம் ஒருமுறை, படைப்புக்குத்தான் (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு) வருவோம். குறைந்தபட்சம் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஆவணி மாதம் ஓர் ஆளை ஓட்டின் மேல் ஏற்றுங்கள். இரண்டு சரிவு சேரும் கூடல்வாயில் இலைகுப்பையை அள்ளி, நழுவிய நாட்டு ஓடுகளைச் சரிசெய்யட்டும். ஓட்டின் மேல் நேரே மிதிக்காமல் பலகை போட்டு நடக்கச் சொல்லுங்கள். உடைந்த ஓட்டுக்குப் பதிலாக வைக்க நூறு பழைய ஓடுகள் வீட்டிலேயே இருக்கட்டும். முற்றத்து வடிகாலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, வெளியே வருகிறதா என்று பார்க்கட்டும். சாவி வைத்திருப்பவர் மாதம் இருமுறை எல்லாக் கட்டின் கதவு சன்னலையும் பகல் முழுக்கத் திறந்து வைக்கட்டும். கரையான் மண்கோடு தெரிந்தால் துடைத்துவிடாமல் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும், எங்கிருந்து ஏறுகிறது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.