மூன்று முறை மனு கொடுத்தும் சாக்கடை சரியாகவில்லையா?

வணக்கம். ஒவ்வொரு திங்களும் கலெக்டர் ஆபீஸில் தனித்தனியாக மனு கொடுத்தும், 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்ற பதில்தான் வந்தது, கையெழுத்து வேட்டை பலன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தரும். ஆனால் மனுவின் வாசகத்தை மாற்றுங்கள்.

ஏன் என்பதற்கு ஒரு பழைய உதாரணம்: 1852-இல் சென்னை வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய மதராஸ் நேட்டிவ் அசோசியேஷன் என்ற அமைப்பு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. நிலவரி வசூலிக்க ரயத்துகளை, அதாவது விவசாயிகளை, சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரும் எழுந்தது. விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் 'கிட்டி' அப்படி ஒரு கொடுமை. 1854-இல் விசாரணைக் கமிஷன் அமைந்தது. மறு வருடம் அதன் அறிக்கை கொடுமைகளை உறுதிசெய்தது. என்ன நடக்கிறது என்று குறிப்பாகச் சொன்னதில்தான் அந்தப் புகாருக்கு வலு.

உங்கள் மனுவில் 'சுகாதாரச் சீர்கேடு' என்று மட்டும் இருக்கிறது. எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை அடைப்பு, எத்தனை நாளாக, யார் வாசலில் தண்ணீர் நிற்கிறது என்று எழுதுங்கள். ஒரே கோரிக்கை போதும். தெருவே சேர்ந்து, கதவு எண்ணோடு கையெழுத்திடுங்கள். போட்டோவும் இணையுங்கள்.

அப்புறம், ஒப்புகைச் சீட்டைத் தொலைக்காதீர்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, அந்த மனு எண்ணைக் குறிப்பிட்டு, தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்: மனு இப்போது எந்த அலுவலரிடம், எந்தத் தேதியில் போனது, அவர் எழுதிய குறிப்பின் நகல் என்ன? 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். எங்கள் தெருவிளக்கு இப்படி ஒரு கடிதம் போன பிறகுதான் எரிந்தது. வரைவை இங்கே போடுங்கள், சேர்ந்து திருத்தலாம்.