வாசகர் கேள்வி – பதில்: தாதிமை இல்லத்தில் கைவினைத் தொண்டூழியம்

கேள்வி: சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்ற நான், வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு தாதிமை இல்லத்தில் கைவினை சொல்லித்தரும் தொண்டூழியராகச் சேர்ந்தேன். முதல் நாள் வெள்ளைக் கிரேப் காகிதத்தில் மல்லிகைப் பூச் செய்யக் கற்றுக்கொடுக்கலாம் என்று ஒரு வாரம் இரவில் கண்விழித்துப் பழகிக்கொண்டு போனேன். ஒரு சீனத் தாத்தா காகிதத்தைத் தள்ளிவிட்டார். இரண்டு பாட்டிகள் உறங்கிவிட்டார்கள். பக்கவாதத்தால் ஒரு கை அசையாத தமிழ்ப் பாட்டி, "எனக்கு வராதும்மா, நீயே செஞ்சுடு" என்றார். கடைசியில் பதினோரு பேருக்குரிய பூக்களையும் நானே செய்து மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். இந்தத் தொண்டு எனக்கு ஒத்துவராதோ?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: சகோதரி, நீங்கள் அவசியம் மறுபடியும் போக வேண்டும். பிழை உங்களிடமும் இல்லை, அந்த முதியவர்களிடமும் இல்லை. கொண்டுபோன வேலைதான் அவர்களுக்குப் பொருந்தவில்லை.

முதலில் அந்தச் சீனத் தாத்தாவைப் பற்றிச் சொல்கிறேன். சீனர் மரபில் வெள்ளை துக்கத்தின் நிறம். வெள்ளைக் காகிதப் பூவைக் கண்டதும் அவருக்குச் சாவு வீடு நினைவுக்கு வந்திருக்கலாம். உறங்கிவிட்ட பாட்டிகளுக்கோ வெளிர் நிற மேசையில் கிடந்த வெள்ளைக் காகிதம் சரியாகத் தெரியாமலேயே போயிருக்கக்கூடும். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லையில் (லென்ஸில்) மஞ்சள் படிவதால், நீலமும் ஊதாவும் பச்சையும் ஒன்றோடொன்று குழம்பும். வெளிர் நிறங்கள் மங்கும். அதனால் கறுப்பு அட்டையின்மேல் மஞ்சள், கருநீலத் துணியின்மேல் ஆரஞ்சு என எடுப்பாகத் தெரியும் நிறங்களையே பயன்படுத்துங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நீங்கள் பழகிக்கொண்டு போனது உங்களுக்கே புதிய வேலை. அவர்களுக்கு அது இன்னும் புதிது. எண்பது வயதில், ஓர் அந்நியர் முன்னால், ஒரு மாதிரியைப் பார்த்து அதேபோல் செய்யச் சொன்னால், தோற்றுவிடுவோமோ என்ற அச்சமே முதலில் எழும். முதுமை மறதி நோய் அண்மைக்கால நிகழ்வுகளைத்தான் முதலில் அழிக்கிறது. பல்லாண்டுப் பழக்கத்தால் கையில் படிந்த திறன் பெரும்பாலும் நெடுநாள் தங்குகிறது. ஆகவே அந்தக் கைகள் முன்பு என்ன செய்தன என்பதைக் கேட்டறிந்து, அந்த வேலையைக் கொண்டுபோங்கள்.

வாரக்கணக்கில் யாரிடமும் பேசாதிருந்த ஒரு பாட்டியின் முன்னால், தேக்காவில் வாங்கிய உதிரிச் சாமந்தியையும் பூக்கட்டும் நூலையும் ஒருமுறை வைத்தேன். அவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நானே கட்டத் தொடங்கியதும் சிறிது நேரம் என் விரல்களையே கவனித்தவர், "முடிச்சு இறுகலையே, பூ உதிராதா?" என்று கேட்டு என் கையிலிருந்து நூலை வாங்கிக்கொண்டார். கட்டி முடித்ததும், யாரும் சொல்லாமலேயே முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வைத்து ஒரு முழம் அளந்தார். அன்று நான் கற்றுக்கொடுக்கப் போய், கற்றுக்கொண்டு திரும்பினேன். அன்றிலிருந்து மாதிரி எதையும் முன்கூட்டியே செய்து எடுத்துப் போவதில்லை.

பூ கொண்டுபோவதானால் இல்லத்துத் தாதியிடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கலாம். அரளியை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துப் போகாதீர்கள். மாலைக்குப் பழகிய பூவாயினும் அதன் ஒவ்வொரு பாகமும் நஞ்சு. மறதி நோய் உள்ளவர் எதையும் வாயில் போட்டுக்கொள்ளக்கூடும். அதே காரணத்துக்காகச் சிறு மணிகளும் குன்றிமணியும் கூடாது. கத்தரிக்கோல்களைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எண்ணுங்கள். பலகாரமும் வேண்டாம், விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்குப் பாசத்தோடு ஊட்டும் ஒரு வாய் லட்டும் மூச்சடைக்க வைக்கலாம்.

ஒரு கை அசையாத அந்தப் பாட்டிக்கு வருகிறேன். தட்டுக்கும் அட்டைக்கும் அடியில் ஈரத் துண்டை விரித்தால் அவை நழுவாது. ஒற்றைக் கையே போதும். தூரிகையின் பிடியில் பஞ்சுக் குழாயைச் சுற்றித் தடிமனாக்கினால் மூட்டுவலி உள்ளவரும் பிடித்துக்கொள்ளலாம். பூத்தொடுக்கும் வேலையைப் பகிர்ந்துகொள்ளவும் முடியும்: ஒருவர் இரண்டிரண்டு பூவாகக் காம்பு சேர்த்து எடுத்து வைக்க, இன்னொருவர் கட்டலாம். எடுத்து வைப்பதற்கு ஒரு கை போதும், அதில்லாமல் கட்டுபவரின் வேலை ஓடாது. "நீயே செஞ்சுடு" என்று அவர் மறுபடி சொன்னால், "நான் கட்டறேன், நீங்க பூ எடுத்துக் குடுங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை கோணலாக வந்தாலும், அவர் முடித்ததை அவர் கண்ணெதிரே பிரித்துச் சரிசெய்யாதீர்கள். என் அனுபவத்தில் முதியவர்களை இதைவிடப் புண்படுத்தும் செயல் வேறில்லை.

பதினொருவர் அதிகம். நான்கைந்து பேர், முக்கால் மணி நேரம் போதும். நம் சிங்கப்பூர் இல்லங்களில் எல்லா இனத்தவரும் அருகருகே இருப்பதால், ஒரே மேசையில் பொருந்தும் வேலைகளைத் தேடுங்கள். கோயில் திருவிழாவுக்குத் தென்னங்குருத்தில் தோரணம் பின்னிய தமிழ்த் தாத்தாவும், நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட் என்னும் அரிசிச் சோற்றுக்கு ஓலைக் கூடு பின்னிய மலாய்ப் பாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்தால், ஓலைக்குப் பதில் அகலமான ரிப்பன் கொடுத்தாலும் இருவர் கைகளும் பேசிக்கொள்ளும்; அவர்கள் காலத்தில் எல்லா இனத்தவரும் பேசிய எளிய சந்தை மொழியான பாசார் மலாய் இருவருக்கும் வரும். சீனப் பாட்டிகளுக்குப் சீனப் புத்தாண்டில் பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு அங்பாவ் உறைகளில் பழையவற்றைக் கொண்டு விளக்குக் கூண்டு செய்வது பழக்கமானதாக இருக்கும். ஆனால் பொற்காகிதத்தை மடிக்கும் வேலையை நீங்களாகக் கொண்டுபோக வேண்டாம். அது இறந்தோருக்காக எரிப்பது.

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள், நண்பர்களோடு தீபாவளிக்கு ஒரு தாதிமை இல்லத்துக்குச் செல்ல விரும்புகிறாள். எப்படி ஏற்பாடு செய்வது?
– தாய், செங்காங்

பதில்: கிவிங்.எஸ்ஜி இணையத்தளத்தில் தொண்டூழிய வாய்ப்புகள் பட்டியலிடப்படுகின்றன. இல்லங்களை நேரடியாகவும் கேட்கலாம். ஈசூனில் ஸ்ரீ நாராயண மிஷன் நடத்தும் இல்லம் உள்ளது. பாசிர் ரிஸ்ஸில் மறதி நோய் உள்ளவர்களுக்கென்றே இயங்கும் ஏபெக்ஸ் ஹார்மனி லாட்ஜ் உள்ளது. ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் இல்லங்களில் கூட்டம் நெரியும், அதன்பின் பல வாரங்கள் வெறிச்சோடும். மகளின் குழுவைப் பொங்கலுக்குப் பிறகு ஒரு சாதாரணச் சனிக்கிழமையில் தொடங்கி, மாதம் ஒருமுறையாவது அதே முகங்களோடு வரச் சொல்லுங்கள். இருமலோ காய்ச்சலோ இருந்தால் போகவே கூடாது. இல்லவாசிகளின் படத்தை அவர்களின் அல்லது குடும்பத்தாரின் இசைவின்றி எடுப்பதும் பகிர்வதும் தவறு. தூங்கும் பாட்டியின் பக்கத்தில் நின்று எடுத்த படங்களைச் சமூக ஊடகங்களில் காணும்போது மனம் நோகிறது.

கேள்வி: என் அம்மாவுக்கு மறதி நோய். இல்லத்தில் மாலையில் அவரோடு கோலம் வரைகிறேன். சில நாள் கோபித்து எழுந்துவிடுகிறார். வரைந்ததை மறுநாள் நினைவிலும் வைப்பதில்லை. இதனால் என்ன பயன்?
– மகள், தெம்பனிஸ்

பதில்: மறதி நோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும் வேளையில் பதற்றம் கூடும். முடிந்தால் காலையில் போங்கள். முடியாவிட்டால் மதிய உறக்கத்துக்குப் பின், வெளிச்சம் இருக்கும்போதே தொடங்குங்கள். பயனைப் பற்றிக் கேட்டீர்கள். வரைந்ததை அவர் மறந்தாலும், அந்த அரை மணியில் வந்த அமைதி அன்றைய பொழுதுக்கு உடனிருப்பதைத் தாதிகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு அவர் எப்படி உட்கார்ந்தார் என்று நீங்களும் விசாரித்துப் பாருங்கள். காகிதத்தில் பேனாவால் கோலம் வரையச் சொன்னால் அவருக்கு அது கோலமாகவே தோன்றாமல் இருக்கலாம். கறுப்புப் பலகையும் தடித்த சுண்ணக்கட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். புள்ளிகளை நீங்கள் வைத்துவிட்டு, முதல் கோட்டை மட்டும் இழுத்து, சுண்ணக்கட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.