கணினி கேள்வி–பதில்: லிஸ்ட் காலி, மெமரி காலியில்லை

கேள்வி: நிட்டிங் யூனிட் ஒன்றுக்கு டெல்பியில் (பாஸ்கல் மொழியில் புரோகிராம் எழுதும் கருவி) நூல் இருப்பு புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேனுங்க. ஒவ்வொரு லாட்டுக்கும் ‘நியூ’ போட்டு மெமரியில் ஒரு ரெக்கார்டு எடுத்து, அதன் பாயின்டரை (அது இருக்கும் முகவரியை) டி-லிஸ்ட் என்ற பட்டியலில் சேர்க்கிறேன். மொத்தம் 10,000 லாட் இருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை டைமர் ஓடி, லிஸ்ட்டைக் ‘கிளியர்’ செய்து மறுபடி நிரப்பும். காலையில் நன்றாக ஓடுகிறது. சாயங்காலம் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று நின்றுவிடுகிறது. கிளியர் கொடுத்தும் ஏனுங்க இப்படி? (வாசகர், அவிநாசி)

பதில்: ஈரோட்டில் மஞ்சள் மூட்டையைக் குடோனில் போட்டால் ரசீது தருவார்கள். ரசீதைக் கிழித்துப் போட்டால் மூட்டை வெளியே வந்துவிடுமா? மூட்டை அங்கேயேதான் கிடக்கும், எடுக்கத்தான் வழி இருக்காது. டி-லிஸ்ட் வெறும் ரசீதுக் கட்டு. ‘கிளியர்’ கட்டைக் கிழிக்கிறது. ‘நியூ’ வாங்கிய இடத்தை அது தொடுவதே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்ட்ரிங்குகளையும் (எழுத்துத் தொடர்கள்) சேர்த்து ஒரு ரெக்கார்டுக்கு 400 பைட் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்குச் சுமார் 4 எம்பி கசிகிறது. 500 சுற்றில் 2 ஜிபி. 32-பிட் புரோகிராமுக்கு விண்டோஸ் வழக்கமாகத் தரும் இடமே 2 ஜிபிதான். காலை 9 மணிக்குத் திறந்தால் மாலை 5 மணி வாக்கில் மூச்சு முட்டுவது சரியாகப் பொருந்துகிறது.

‘கிளியர்’ கொடுக்கும் முன் ஒரு லூப் போட்டு, ஒவ்வொரு பாயின்டருக்கும், ‘நியூ’ வாங்கிய இடத்தைத் திருப்பித் தரும் ‘டிஸ்போஸ்’ கொடுங்கள். இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிற இடம் வருகிறது. லிஸ்ட்டிலிருந்து எடுப்பதை அப்படியே டிஸ்போஸுக்குக் கொடுத்தால் கம்பைலர் (புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றுவது) ஏற்றுக்கொள்ளும். ஆனால் லிஸ்ட் திருப்பித் தருவது வகை இல்லாத வெறும் பாயின்டர். உள்ளே ஸ்ட்ரிங் இருப்பது கம்பைலருக்குத் தெரியாது. ரெக்கார்டின் இடத்தை மட்டும் விடுவித்து, பார்ட்டி பெயர், குறிப்பு போன்ற ஸ்ட்ரிங்குகளை அந்தரத்தில் விட்டுவிடும். ஆகவே உங்கள் ரெக்கார்டின் பாயின்டர் வகைக்கு டைப்-காஸ்ட் செய்த (‘இது இந்த வகை’ என்று கம்பைலருக்குச் சொன்ன) பிறகே டிஸ்போஸ் கொடுக்க வேண்டும்.

லூப்பை நாலு இடத்தில் எழுதினால் ஐந்தாவது இடத்தில் மறந்துபோகும். அதற்குப் பதில் டி-லிஸ்ட்டிலிருந்து ஒரு புது கிளாஸ் (வகை) எடுத்து, லிஸ்ட்டில் சேர்க்கும்போதும் நீக்கும்போதும் தானே ஓடும் ‘நோட்டிஃபை’ மெத்தடை ஓவர்ரைடு செய்துவிடுங்கள், அதாவது உங்கள் கோடாக மாற்றி எழுதிவிடுங்கள். ‘எல்என்-டெலிட்டட்’ (நீக்கப்பட்டது) என்று வரும்போது அங்கேயே டைப்-காஸ்ட் செய்து டிஸ்போஸ் கொடுத்தால் போதும். டெலிட், கிளியர், லிஸ்ட்டையே ஃப்ரீ செய்வது மூன்றுக்கும் அது ஓடும். அதன்பின் வெளியே எங்கும் டிஸ்போஸ் எழுதாதீர்கள். ஒரே இடத்தை இரண்டு முறை விடுவித்தால் ‘இன்வாலிட் பாயின்டர் ஆபரேஷன்’ வந்து நிற்கும்.

சரியாயிற்றா என்று பார்க்க, டெல்பி 2006 முதல் உள்ள ‘ரிப்போர்ட்-மெமரி-லீக்ஸ்-ஆன்-ஷட்டவுன்’ என்பதை புராஜெக்ட் ஃபைலில் ‘பிகின்’-க்கு அடுத்த முதல் வரியில் ‘ட்ரூ’ ஆக்குங்கள். புரோகிராமை மூடும்போது மிச்சம் கிடப்பதைப் பட்டியல் போடும். ‘யூனிகோட்-ஸ்ட்ரிங்’ மட்டும் ஆயிரக்கணக்கில் தெரிந்தால் டைப்-காஸ்ட் விட்டுப்போயிருக்கிறது. ‘அன்நோன்’ என்பதும் அதே அளவில் இருந்தால் டிஸ்போஸே நடக்கவில்லை. இதை வைத்தே பாதிக் கோளாறைப் பிடித்துவிடலாம்.

இன்னொன்று. நிமிடத்துக்கு ஒருமுறை பத்தாயிரம் ரெக்கார்டையும் கலைத்து அடுக்கத்தான் வேண்டுமா? மாறிய லாட்டை மட்டும் மாற்றினால் டைமருக்கு வேலையே குறைந்துவிடும்.

கேள்வி: இருப்பு சைபர் ஆன அயிட்டங்களை ஃபார் லூப்பில் டெலிட் செய்கிறேன். சில அயிட்டம் தப்பிவிடுகிறது. கடைசியில் ‘லிஸ்ட் இண்டெக்ஸ் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்’ வருகிறது. (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: ஆறு அயிட்டம், இண்டெக்ஸ் 0 முதல் 5 வரை. 2, 3 இரண்டும் சைபர். 2-ஐ எடுத்ததும் 3-இல் இருந்தது 2-க்கு நகர்ந்துவிடும். லூப் அடுத்து 3-ஐப் பார்க்கப் போகும். நகர்ந்து வந்தது தப்பித்துவிட்டது. பாஸ்கலில் ஃபார் லூப்பின் மேல் எல்லை தொடக்கத்தில் ஒரே ஒருமுறைதான் கணக்கிடப்படும். இப்போது இருப்பது ஐந்தே அயிட்டம் (இண்டெக்ஸ் 4 வரை), லூப்போ 5 வரை போயே தீரும். அதுதான் அந்தப் பிழைச் செய்தி.

‘டவுன்-டு’ போட்டுக் கடைசியிலிருந்து முதலுக்கு வாருங்கள். நகர்வதெல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்த பக்கம், கவலையில்லை.

கேள்வி: 32-பிட்டில் பல வருடம் ஓடிய புரோகிராமை 64-பிட்டில் கம்பைல் செய்தேன். சில நாள் ஓடுகிறது, சில நாள் ‘ஆக்சஸ் வயலேஷன்’ (தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை). (வாசகர், கரூர்)

பதில்: எங்கோ பாயின்டரை இன்டீஜராக (முழு எண்ணாக) மாற்றி வைத்திருக்கிறீர்கள். 64-பிட்டில் பாயின்டர் 8 பைட், டெல்பியின் இன்டீஜர் இன்னமும் 4 பைட்தான். முகவரி இன்டீஜருக்குள் அடங்கும் அளவுக்குக் கீழே அமைந்த நாளில் பாதியை வெட்டினாலும் நஷ்டமில்லை. மேலே அமைந்தால் தவறான இடத்துக்குப் போகும். சில நாள் ஓடுவது அதனால்தான். கோடு முழுக்க ‘இன்டீஜர்’ காஸ்ட்டைத் தேடி, பாயின்டர் வரும் இடங்களில், பாயின்டரின் அளவே உள்ள ‘நேட்டிவ்-இன்ட்’ ஆக்குங்கள். 64-பிட் கம்பைலர் வந்த எக்ஸ்இ2 பதிப்பு (2011) முதல் பட்டன் போன்றவற்றில் நம் எண்ணை வைக்க உதவும் ‘டேக்’ பிராப்பர்ட்டியே நேட்டிவ்-இன்ட் தான். லிஸ்ட்-வியூ (திரையில் பட்டியல் காட்டும் கட்டம்) அயிட்டத்தின் ‘டேட்டா’ ஆரம்பம் முதலே பாயின்டர், அதைத் தொட வேண்டாம்.

கேள்வி: சி++ வெக்டாரில் (தானே வளரும் பட்டியல்) உள்ள ஒரு அயிட்டத்தின் பாயின்டரை விண்டோவில் சேமித்து வைத்தேன். புதிதாகப் பத்து அயிட்டம் சேர்த்த பிறகு அந்தப் பாயின்டர் குப்பையைக் காட்டுகிறதுங்க. (கல்லூரி மாணவி, கோவை)

பதில்: வெக்டார் தன் எல்லா அயிட்டத்தையும் ஒட்டியே வைத்திருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் பெரிய இடம் பிடித்து எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிட்டுப் பழையதைக் காலி செய்யும். ஜிசிசி கம்பைலரில் அந்த இடம் இரட்டிப்பாகும். விஷுவல் சி++-இல் ஒன்றரை மடங்கு. உங்கள் பாயின்டர் மட்டும் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

எத்தனை வரும் என்று முன்பே தெரிந்தால் ‘ரிசர்வ்’ போட்டு முன்கூட்டியே இடம் பிடிக்கலாம், ஆனால் அந்த எண்ணைத் தாண்டினால் மறுபடி இதே கதை. பாயின்டருக்குப் பதில் இண்டெக்ஸை வைத்துக்கொள்வது எளிது. நடுவில் டெலிட் செய்யாதவரை அது போதும். டெலிட்டும் உண்டு என்றால் ‘யுனிக்-பாயின்டர்’களின் (ஒரு பொருளுக்கு ஒரே சொந்தக்காரராக இருக்கும் பாயின்டர்) வெக்டாராக மாற்றிவிடுங்கள். வெக்டார் இடம் மாறும்போது பாயின்டர்கள்தான் நகரும், அவை காட்டும் பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். நீங்கள் காட்டும் அயிட்டமே டெலிட் ஆகும்போது விண்டோவில் உள்ளதை ‘நல்-பாயின்டர்’ (எதையும் காட்டாத பாயின்டர்) ஆக்குவது உங்கள் பொறுப்பு.